நாலு பெட்டிக்குள்ள ஒரு சீனத்துச் சீமாட்டி

அந்த சூட்கேஸைத் தொடாதீங்க ஜலஜா ஆன்ட்டி. நீங்க வெளிய எடுத்து வைக்க, நான் திரும்ப உள்ள வைக்க, நாள் பூரா இதே வேலையாயிடும். உக்காருங்க. ஹூஸ்டன்ல சித்தி பொண்ணு வீட்டுக்குப் போறேன், மறுபடி டாக்டராகப் பாக்கறேன், அவ்ளோதான். மணியன் போன் பண்ணி, எம்பொண்டாட்டிக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்கன்னாராக்கும். பாவம், வெஸ்ட் வின்ட்சர்லேர்ந்து எடிசன் வரைக்கும் ட்ரைவ் பண்ணிட்டு வந்திருக்கீங்க. சொல்லுங்க.

கொறையா? எனக்கென்ன கொறை? டிஷ்வாஷர் இருக்கு, மைக்ரோவேவ் இருக்கு, ஓக் ட்ரீ ரோட்ல எடுத்த பட்டுப் புடவை இருக்கு. சீனாவுல ஒரு அம்மாவுக்கும் இப்டித்தான். செத்து ரெண்டாயிரத்து நூறு வருஷமாச்சு, ஆயிரத்தித் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டுல கல்லறையைத் தோண்டினாங்க. ஒண்ணுக்குள்ள ஒண்ணா நாலு சவப்பெட்டி. உடம்பைச் சுத்தி இருபது சுத்து பட்டு. மேக்கப் டப்பா, சவுரி, சாப்பாடு, ஏவின வேலைக்கு மரத்துல செஞ்ச ஆளுங்க. உடம்பு அழுகவே இல்லையாம். கையை மடக்கினா இன்னும் மடங்குதாம். என்ன ஒரு கவனிப்பு பாருங்க.

எனக்கு ஒண்ணும் ஆகல ஆன்ட்டி, நல்லாத்தான் இருக்கேன். மதுரையில நான் பெத்தாலஜி எம்.டி. பொணங்கல்லாம் எனக்குப் பேச்சுத்தொணை மாதிரி. அந்தம்மா வயித்துல நூத்திமுப்பத்தெட்டு முலாம்பழ விதை. பழம் சாப்ட்ட கொஞ்ச நேரத்துல ஹார்ட் அட்டாக். நெஞ்சு வலிக்குதான்னு யாராவது கேட்டாங்களோ என்னவோ. அவ்ளோ பெரிய பிரபுவோட சம்சாரத்துக்கு என்ன வலி வந்துடப் போவுது? புருஷனை ஒட்டிக்கிட்டு வந்த ஹெச்-ஃபோர் விசாக்காரிக்கு வராத மாதிரி.

தெரியும், நல்லவர்தான். குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார். இங்க டாக்டராகணும்னா முதல்ல ரெசிடென்ஸி ட்ரெய்னிங் கெடைக்கணும், தொண்ணூத்தேழுல அதுக்கு நாப்பது ஆஸ்பத்திரிக்கு அப்ளை பண்ணேன். மெயில்பாக்ஸ் சாவி அவர் கிட்டதான். தெனம் ஆபீஸ்லேர்ந்து வந்து, இன்னிக்கும் ஒண்ணும் வரலைம்மான்னு தலையைத் தடவுவார். நான் எதுக்கும் லாயக்கில்லைன்னு அழுவேன். ஐஸ்க்ரீம் வாங்கிட்டு வருவார். ரெண்டு வருஷம் அந்த நெனப்புலயே இருந்தேன் ஆன்ட்டி.

இந்தச் சீனாக்காரி கதையா? இவரோட பழைய மேகஸின்ல படிச்சதுதான். க்ளாஸெட் மேல்தட்டுல ஒரு கட்டு இருந்துது, தூக்கிப் போடலாம்னு போன சனிக்கிழமை எறக்கினேன். அந்தம்மா படம் போட்ட பக்கத்துல ரெண்டு கவர். ஹூஸ்டன் ஆஸ்பத்திரிலேர்ந்து ஒண்ணு, டாலஸ்லேர்ந்து ஒண்ணு. இன்டர்வியூக்கு வாங்கன்னு எம்பேருக்கு. ரெண்டையும் பிரிச்சுப் படிச்சுட்டு, சுருக்கமில்லாம மடிச்சு வெச்சிருந்தார்.