மடிச்சுக் குடுத்தது ஒரு குத்தமா?

...அதத்தாங்க நானும் கேக்குறேன்! வாயே தொறக்காத மனுஷன் எங்க வீட்டுக்காரரு, அவரத் தலையில தூக்கி வெச்சுக்கிட்டு ஆடுது இந்தக் கட்டடம். நான் எவ்ளோ கலகலன்னு பேசுறவ! என்னைக் கண்டா கதவப் படக்குன்னு சாத்துது!

நீங்க நேத்துதானே குடிவந்தீங்க? எல்லாரும் துணி தொவைக்கிற இந்தப் பொது ரூம்ல தமிழ்க் குரல் கேட்டதும் ஓடி வந்துட்டேன். உக்காருங்க, உக்காருங்க, உங்க வாஷிங் மிஷின் நின்னுடுச்சு, துணிய நான் எடுத்துட்டேன்.

ஊர்லேர்ந்து கெளம்புறப்ப எங்கம்மா என்ன சொன்னாங்க? "நீ எங்கயும் ஒட்டிக்குவடி, மாப்பிள்ளைய நெனச்சாத்தான் கவலை"ன்னாங்க. இப்ப தலைகீழ்! எட்டு நாட்டு ஜனம் இருக்கு இங்க. இவரு லிஃப்ட்டுல தலைய ஆட்டுவாரு, அவ்ளோதான். அதுக்கே மேல்வீட்டு பியானோ வாத்தியார் செஸ் ஆடக் கூப்புடுறாரு, கீழ்வீட்டு நர்ஸம்மா வெளியூர் போனா வீட்டுச் சாவியையே குடுத்துட்டுப் போறாங்க! என்னை மூணு வருஷத்துல ஒருத்தரும் "உள்ள வாங்க"ன்னு சொல்லல. அழுகையா வருதுங்க, நெசமா.

நான் என்ன கொறை வெச்சேன்? மிஷின்ல துணி கெடந்தா, பாவம், வேலைக்குப் போறவங்களாச்சேன்னு நானே எடுத்து, மடிச்சு, வாசல்ல கொண்டுபோய்க் குடுக்குறேன். ஜட்டி மொதக்கொண்டு! வாத்தியார் பனியன்ல எத்தன ஓட்டைன்னு நர்ஸம்மாகிட்ட சொல்லி ரெண்டு பேரும் சிரிச்சோம்... சரி, நான் மட்டும் சிரிச்சேன். அன்னிலேர்ந்து அவரு அடுத்த தெரு சலவைக் கடைக்குப் போறாரு. ரோஷத்தப் பாருங்க!

என்ன... செவுத்துலயா? அட, நோட்டீஸு! இன்னிக்குத்தான் ஒட்டியிருக்காங்க. எல்லார் பாஷையிலயும்... ஐ, கடைசில தமிழு! "அடுத்தவர் துணியைத் தயவுசெய்து தொடாதீர்கள்." நல்லாச் சொன்னாங்க! யாரு அப்படிப் பண்...

இருங்க. இங்க தமிழ் எழுத யாரு இருக்கா? நீங்க நேத்து வந்தவங்க. நான் எழுதல. இந்தச் சாஞ்ச எழுத்து... நிச்சயம் பண்ணப்புறம் எனக்கு வந்த லெட்டரெல்லாம் இதே எழுத்து! அடப்பாவி மனுஷா! வீட்டுல ஒரு வார்த்த சொல்லாம செவுத்துல ஒட்டியிருக்காரே! அதுலயும் "தயவுசெய்து" வேற!

சிரிக்காதீங்க... அய்யோ, எனக்கே சிரிப்பு வருது. இனிமே தொட மாட்டேங்க, சத்தியம். இந்தாங்க உங்க துணி. மடிக்கல, கசக்கியே தர்றேன். நீங்களாவது கதவச் சாத்திடாதீங்க, என்ன?

நாளைக்கா? உங்க வீட்டுக்கா? டீ குடிக்கவா! வர்றேங்க, கட்டாயம் வர்றேன்!

ஏங்க... ஏங்க, நில்லுங்க! அந்த நீலச் சட்டையில பித்தான் ஒண்ணு தொங்குது, அத மட்டும்...