ஃபாத்துவோட கடைசிக் குப்பி

இல்ல டாக்டர், ஒண்ணும் வேணாம், கோப்பியெல்லாம் கலக்காதீங்க. தண்ணி மட்டும் குடுங்க, போதும். லூர்து மாதா கோயில்ல பூசை முடிஞ்சு நேரா இங்கதான் நடந்து வர்றேன். தேக்கா பாசார்ல ஞாயித்துக்கெழம கூட்டம் தெரியும்ல, கறிக்கடைப் பக்கம் காலு வெக்க முடியல. லேப்ல போத்தல் கழுவுற ரோசம்மா வீட்டு மாடிப்படி ஏறி வந்து நிக்கிறாளேன்னு பாக்குறீங்க. வீட்ல வேற யாரும் இல்லல்ல? அம்மா காளி கோயிலுக்குப் போயிருக்காங்களா? சரி, நல்லதுதான். கதவு சாத்தியே இருக்கட்டும்.

நம்ம லேப்புப் புள்ள ரஷீதா விஷயமா வந்தேன்.

நாளைக்குக் காலையில அந்தப் புள்ள கையில வேலைய விட்டு நிறுத்துற லெட்டரக் குடுக்கப் போறீங்களாமே. டைப் அடிச்சு ரெடியா இருக்குன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. குடுக்காதீங்க டாக்டர். உங்க காலுல வேணாலும் விழறேன். இல்ல இல்ல, உக்காந்துட்டேன், உக்காந்துட்டேன்.

ஹஜ்ஜுப் பெருநாள் அன்னிக்கு அவ லேப்புக்கு வரல, ஃபாத்துவுக்குச் சாப்பாடு மாத்தல, அதனாலதான் எல்லாம் செத்துப் போச்சுன்னு நீங்க நெனைக்கிறீங்க. அவ வந்தா. நான் கண்ணால பாத்தேன். புதுச் சட்ட, கையில மருதாணி, காலையில ஏழு மணிக்கெல்லாம் வந்து நிக்கிறா. பழைய தண்ணிய உறிஞ்சி எடுத்தா, புதுசு ஊத்துனா, தட்டையெல்லாம் கண்ணாடி ஜாடிக்குள்ள அடுக்கி, மெழுகுவத்தி ஏத்தி வெச்சு மூடுனா. சுடர் சுருங்கி அணையப் போற நேரம் பாத்துக் கரெக்ட்டா மேல இருக்கிற திருகாணிய அடைச்சா. ஜாடிக்குள்ள காத்து கொறைஞ்சாத்தான் அது பொழைக்கும்னு எனக்கே தெரியுது, அவளுக்குத் தெரியாதா? லீவு நாளுன்னு பின்வாசல் வழியா வந்துட்டா, வாசல் காவக்காரரு புக்குல கையெழுத்துப் போடல. அவ செஞ்ச ஒரே தப்பு அதான் லா.

நான் எதுக்கு லீவு நாள்ல அங்க இருந்தேனா?

சொல்றேன் டாக்டர். அதச் சொல்லத்தான் வந்தேன். அப்ப அது எப்படிச் செத்துச்சுங்கறதையும் சொல்றேன். கொஞ்சம் மெதுவா வர்றேன். இன்னும் கொஞ்சம் தண்ணி.

நீங்க ஆப்பிரிக்காவுலேருந்து வந்த அன்னிக்கு நான்தான அந்தக் குளிர்ப்புகை விடுற டாங்கிய லாரியிலேருந்து புடிச்சு எறக்குனேன். ஞாபகம் இருக்கா? ரெண்டு வருஷம் அங்க பிள்ளப்பேறு ஆஸ்பத்திரியில கெடந்து ஆராய்ச்சி பண்ணிட்டு, ஆளு பாதியா வந்தீங்க. உள்ள நாலே நாலு குப்பி. இது தங்கம், ரோசம்மா, பாத்துன்னீங்க. அன்னிக்குத்தான் ஃபாத்துவப் பத்திச் சொன்னீங்க. பதினெட்டு வயசு, தலப்பிரசவம். மலேரியாப் பூச்சி நஞ்சுக்கொடியில போய் அடைஞ்சுகிட்டு, புள்ளையும் போயி மறுநாளு அவளும் போயிட்டா. அந்த நஞ்சுலேருந்து எடுத்த பூச்சி இதுன்னீங்க. ரெண்டு மூணு பெத்தவங்க ரத்தத்துல இத எதிர்க்க ஏதோ இருக்கு, அது என்னன்னு கண்டுபிடிச்சிட்டா மொதப் புள்ளக்காரிங்களுக்கு ஒரு தடுப்பூசி போட்டுரலாம்னீங்க. நான் அஞ்சாங்கிளாஸு. ஆனா அது எனக்குப் புரிஞ்சுச்சு டாக்டர்.

அப்புறம் நம்பரு கிம்பரு எல்லாம் போயி, லேப்ல எல்லாருக்கும் அது ஃபாத்து ஆயிடுச்சு. ஃபாத்து சாப்பிட்டாச்சா, ஃபாத்துவுக்கு வத்தி ஏத்தியாச்சான்னு. கோயில்ல மாதாவுக்கு ஏத்துனத விட அதுக்கு நான் ஏத்துன மெழுகுவத்திதான் ஜாஸ்தி. ஒரு நாளு தட்டு கழுவும்போதுதான் எனக்கு ஒறைச்சுது, செத்துப் போன பொண்ணு பேர நாம அவளக் கொன்னதுக்கு வெச்சிருக்கோம்னு. அன்னிலேருந்து அந்தப் பேரச் சொல்லும்போது எனக்கு ஒரு மாதிரியா இருக்கும்.

டாக்டர், நான் முழுகாம இருக்கேன்.

நாலு மாசம். ஐயோ, வாழ்த்தெல்லாம் சொல்லாதீங்க, இருங்க, இருங்க. ஆமா, கல்யாணம் ஆயி ஏழு வருஷம். இதுதான் மொதலு. வேளாங்கண்ணிக்கு நேந்துகிட்டு, குவீன்ஸ்டவுன்ல இருக்கிற கிளினிக் ஒண்ணு விடாம ஏறி எறங்கி... எங்க வீட்டுக்காரரு சிலுவைராஜ் தஞ்சோங் பகார் துறைமுகத்துல சரக்கெறக்குறவரு, மலை மாதிரி மூட்டையத் தூக்குற மனுசன், நான் சொன்ன அன்னிக்கு லிஃப்ட்டுக்குள்ளயே உக்காந்து அழுதாரு. அஞ்சாம் மாசம் முடியிற வரைக்கும் ஒரு ஆளுகிட்டயும் மூச்சு விடாத, கண்ணு பட்டுரும்னு சொன்னதும் அவருதான். எனக்கும் அது தோதாப் போச்சு. ஏன்னா, புள்ளத்தாச்சி யாரும் லேப்புக்குள்ள நிக்கக் கூடாதுன்னு நீங்க மொத நாளே சொல்லிட்டீங்க. சொன்னா ஸ்டோருக்கு மாத்திருவீங்க. ஸ்டோர்ல ஓவர்டைம் கெடையாது. அதனால சட்டைய ரெண்டு சைஸ் பெருசாத் தச்சுப் போட்டுக்கிட்டு வாய மூடிக்கிட்டு இருந்தேன். தப்புதான். திட்டுங்க.

ஆனா அதுக்கு வரல.

நாலு வாரத்துக்கு முந்தி, கழுவுற தட்டுல கை விட்டேன். கண்ணாடிக் குழாய் ஒண்ணு ஒடைஞ்சு கெடந்திருக்கு. இதோ, இந்த வெரலுதான், தழும்பு தெரியுதா? நல்லா ஆழமா எறங்கிருச்சு. குழாய்க்குள்ள செவப்பாத் தண்ணி இன்னும் நின்னுச்சு டாக்டர். ஃபாத்துவோட தண்ணி.

யாரு அதத் தட்டுல போட்டதுன்னு இப்ப எதுக்கு. ஒடைஞ்சதெல்லாம் டப்பாவுலதான் போடணும்னு எல்லாருக்கும் தெரியும். அன்னிக்கு யாரு அவசரத்துல இருந்தாங்களோ... விடுங்க டாக்டர். நெசமாவே ரஷீதா இல்ல. அன்னிக்கு அவ எம்.சி. லீவு.

ஸ்பிரிட்டு ஊத்திக் கழுவுனேன். ரத்தத்தப் பிதுக்கி விட்டேன். அப்புறம் பாத்ரூம்ல போயி நின்னுகிட்டு வயித்தப் புடிச்சுக்கிட்டேன், ஏதோ கையால மறைச்சுட்டா உள்ள போகாதுங்கற மாதிரி. உங்ககிட்ட வந்து சொல்லணும்னு கதவு வரைக்கும் வந்தேன். நீங்க லண்டனுக்கு ஏதோ ரிப்போட்டு எழுதிக்கிட்டு இருந்தீங்க. என்ன ரோசம்மான்னீங்க. ஒண்ணுமில்ல டாக்டர்னு திரும்பிட்டேன். சொன்னா புள்ள விஷயத்தயும் சொல்லணும்ல.

அதுலேருந்து தெனம் எல்லாரும் வர்றதுக்கு முந்தி வந்து, வெரலக் குத்தி, கண்ணாடியில தேச்சு, சாயம் போட்டு நானே பாத்துக்கிட்டேன். அதான் லீவு நாள்லயும் வந்தது. எட்டு வருஷமா உங்க சிலைடக் கழுவுறவளுக்கு அது எப்படி இருக்கும்னு தெரியாதா? மோதிரம் மாதிரி இருக்கும், ஓரத்துல ஒரு புள்ளி. ஒண்ணும் இல்ல. மறுநாளும் ஒண்ணும் இல்ல. அதுக்கு நான் சந்தோசப்படணும்ல? படல டாக்டர். பயம் கூடிப் போச்சு. ஏன்னா நீங்க ஸ்டூடன்சுக்குச் சொல்லும்போது நான் பின்னால நின்னு தொடைச்சுக்கிட்டே கேட்டிருக்கேன். மொதப் புள்ளக்காரிக்கு வெரல் ரத்தத்துல ஒண்ணுமே தெரியாது, எல்லாம் நஞ்சுல போயி ஒளிஞ்சுக்கும், ஃபாத்துவுக்கும் வெரல்ல குத்திப் பாத்தப்ப சுத்தமாத்தான் இருந்துச்சுன்னு. அந்த ஒரு வார்த்த என்னத் தூங்க விடல. வெரல்ல இல்லன்னா, எங்க இருக்குன்னு அர்த்தம்?

ஒம்பதாம் நாளு சாயங்காலம் பஸ்ஸுல வரும்போது ஒடம்பு சுட்டுச்சு. பெரிய காய்ச்சல் இல்ல. மழையில நனைஞ்சிருந்தேன், அதாவும் இருக்கலாம். ஆனா நான் காத்திருக்கல. வீட்டுக்குப் போகல. எங்க வீட்டுக்காரரோட கூட்டாளி ஒலி முகம்மதுன்னு ஒருத்தரு, கப்பல்ல ஆப்பிரிக்கா பக்கமெல்லாம் போறவரு. அவங்க கப்பல்ல வாராவாரம் மலேரியா மாத்திரை குடுப்பாங்க. அவரு சம்சாரம் சம்சுன்னிசாகிட்டப் போயி, தெரிஞ்சவங்க ஊருக்குப் போறாங்கன்னு ஒரு பொய்யச் சொல்லிப் பத்து மாத்திரை வாங்கிட்டேன். குளோரோகுயின். மொதல்ல நாலு, ஆறு மணி நேரம் விட்டு ரெண்டு, மறுநாளு ரெண்டு, அதுக்கு மறுநாளு ரெண்டு. உங்க ரூமு சுவத்துல ஒட்டியிருக்குல்ல, அதப் பாத்துத்தான். என்னா கசப்பு. வாந்தி எடுத்துருவேனோன்னு வாயப் பொத்திக்கிட்டே முழுங்குனேன். ரெண்டு நாளு காதுக்குள்ள வண்டு கத்துன மாதிரி இருந்துச்சு.

அதத் தின்னு முடிச்சப்புறம்தான் அடுத்த பயம். எங்க அடுக்குமாடி புளோக்குல ஒரு அம்மா சொல்லுது, கசப்பு மாத்திரை தின்னா கரு கலைஞ்சு போயிரும், அந்தக் காலத்துல தோட்டத்துப் பொம்பளைங்க வேணாங்கற புள்ளைக்கு அதத்தான் தின்னாங்கன்னு. நான் எதுக்குக் கேக்குறேன்னு அதுக்குத் தெரியாது, சும்மா பேச்சுவாக்குல சொல்லுது. பூச்சிக்குப் பயந்து நானே என் புள்ளயக் கொன்னுட்டனா? இத வீட்டுக்காரருகிட்டச் சொல்ல முடியல. சாமியாருகிட்டப் பாவசங்கீர்த்தனத்துல சொல்லலாம்னு இன்னிக்கு வரிசையில நின்னேன். என் மொற வந்ததும் வெலகி வந்துட்டேன். அவரு மன்னிப்பாரு, சரி. மாத்திரை என்ன பண்ணும்னு அவருக்கு என்ன தெரியும்?

உங்களுக்குத் தெரியும். அதான் கேக்குறேன். என் புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல டாக்டர்?

அந்த அம்மா சொன்னது கொய்னா மாத்திரையா? இது வேறயா? ரெண்டும் கசக்கும், ஆனா இது அது இல்லயா?

ஆப்பிரிக்காவுல வயித்துல புள்ள இருக்கறவங்களுக்கு நீங்களே குடுத்தீங்களா? இதே மாத்திரையவா? வாராவாரமா? எத்தன பேருக்கு?

அத்தன பேருக்கா.

ஐயோ மாதாவே. இருங்க டாக்டர். கொஞ்சம் அழுதுக்கிறேன். கைக்குட்ட இருக்கு, பையில இருக்கு. நாலு வாரமா ஒரு வாய் சோறு தொண்டையில எறங்கல. ஆங், நாளைக்கே வர்றேன், ஆஸ்பத்திரிக்கு உங்க கூடயே வர்றேன், எத்தன ஊசி வேணாலும் குத்திப் பாத்துக்கங்க.

இன்னும் ஒண்ணே ஒண்ணு. அது நஞ்சுக்குள்ள போயி ஒளிஞ்சிருந்தா? பத்து மாத்திரையும் ஒழுங்காத் தின்னா அங்கயும் போயிப் புடிச்சிருமா?

புடிச்சிருமா. சில ஊரு பூச்சிக்குத்தான் இப்ப இந்த மாத்திரை கேக்காது, ஃபாத்து அந்த ஜாதி இல்லங்கறீங்க. சுத்தமாத் தாங்காதுங்கறீங்க. தொட்டாலே செத்துருமா.

ஆமா டாக்டர். செத்துரும். தெரியும்.

நீங்க உக்காருங்க. இல்ல, தண்ணி வேணாம், போதும். நீங்க உக்காருங்க மொதல்ல.

நாளைக்கு எட்டு மணிக்கு ஃபாத்துவோட கடைசிக் குப்பிய எடுத்துக் கரைக்கப் போறீங்கல்ல? மூணு குப்பி முடிஞ்சு போச்சு, இனிமே ஒண்ணே ஒண்ணுதான்னு ஆபீஸ்ல எல்லாரும் பேசிக்கிறாங்க. அதுக்கு ஊத்துறதுக்கு ஃப்ரிட்ஜுல மேல்தட்டுல ரத்தம் எடுத்து வெச்சிருக்கு, வெள்ளிக்கெழம எடுத்தது. எப்பயும் போல டிரைவர் வேலாயுதம் அண்ணன் குடுத்ததுன்னு நெனச்சிருப்பீங்க. அண்ணனுக்கு மஞ்சக்காமாலை, ஒரு மாசமா வேலைக்கு வரல. லேப்ல அவர விட்டா ஓ குரூப்பு நான் ஒருத்திதான். ரஷீதா ஊசிய வெச்சுக்கிட்டு, அக்கா, மாத்திரை ஏதாச்சும் தின்னீங்களான்னு கேட்டா. நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே கேட்டா. தின்னவங்க ரத்தம் ஃபாத்துவுக்கு ஆகாதுன்னு கதவுல எழுதி ஒட்டியிருக்கீங்கல்ல. தின்னேன்னா ஏன்னு கேப்பா. இல்லன்னு சொல்லிக் கைய நீட்டிட்டேன்.

அத ஊத்திராதீங்க டாக்டர். அது என்னுது. பெருநாளுக்கு ரெண்டு நாளு முந்தி ஊத்துனதும், மாத்திரை தின்னப்புறம் எடுத்த என் ரத்தந்தான். மாடிப்படி ஏறி வந்ததும் இதத்தான் மொதல்ல சொல்லியிருக்கணும். ஆனா புள்ளயப் பத்திக் கேக்கணும்ல. இதச் சொல்லிட்டா, அதுக்கு நீங்க பதில் சொல்லாமப் போயிருவீங்களோன்னு பயந்துட்டேன்.