போலீஸ் பிடித்துப்போன பக்கெட்டுகள்

நகராட்சித் தேர்தல் முடிவு வந்த மறுநாள், ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பஸ். என் முன்சீட்டில் ஷூ கம்பெனி அட்டை மாட்டிய இரண்டு பெண்கள். ஜன்னலோரத்தில் இருந்தவள்தான் ஆரம்பித்தாள்.

"ஓட்டு அன்னிக்கு எங்க தெரு பக்கெட்டையெல்லாம் போலீஸ் புடிச்சிட்டுப் போய்ட்டாங்கக்கா."

"பக்கெட் இன்னா தப்பு பண்ணுச்சு?"

"எங்க லைன்ல தைக்கிற மேரி சுயேச்சையா நின்னா இல்ல, அவ சின்னம் பக்கெட்டு. நோட்டீஸ் அடிக்கக்கூட வழியில்ல. எதிர்ல தோல் மண்டிக்காரரு. ஜீப்பு, மைக்கு, பிரியாணி."

"சரி."

"அன்னிக்குன்னு பார்த்து தண்ணி வர்ற நாளு. ஓட்டுப் போடற ஸ்கூல் வாசல்லதான் குழாய். விடியக்காலையே பக்கெட்டை வரிசையா வெச்சிட்டோம். சின்னத்தை வெச்சி ஓட்டு கேக்கறாங்கன்னு மண்டிக்காரர் புகார் குடுத்துட்டாரு. போலீஸ் எல்லாத்தையும் வேன்ல ஏத்துது, குழாய்ல தண்ணி வருது."

"அடப்பாவி."

"வந்த கோவத்துக்கு நேரா உள்ள போயி பக்கெட்டு பட்டனை அமுக்கிட்டு வந்தோம்."

"எத்தினி ஓட்டுல ஜெயிச்சா?"

"ஒரே ஓட்டு. மண்டிக்காரர் மூணு தபா எண்ணச் சொன்னாரு."

இரண்டு பேரும் சிரித்து ஓய்வதற்குள் பள்ளிகொண்டா வந்துவிட்டது.

"நேத்து மேரியே ஸ்டேஷனுக்குப் போயி பக்கெட்டையெல்லாம் வாங்கியாந்தா. மண்டிக்காரர் பொண்டாட்டியும் வந்து ஒண்ணை எடுத்துட்டுப் போனாங்க."

"அவங்களுக்கு ஏது பக்கெட்டு?"

"அவங்க வீட்டு போர் தண்ணி உப்புக்கா. வரிசையில மொத பக்கெட்டே அவங்களுதுதான். அன்னிக்கு எங்க எல்லாரையும் விட அவங்களுக்குத்தான் கோவம் ஜாஸ்தி."