கம்பைக் கடலில் போடு

"போட் உதாரோ! ஜல்தி உதாரோ!"

போட்டை இறக்கச் சொல்லிக் கத்துகிறார் கடம் சார். எங்கள் கப்பலின் மூன்றாவது ஆபீசர். சதாராக்காரர். இடது காதிலிருந்து ரத்தம் வழிகிறது. தான் கத்துவது அவருக்கே கேட்கவில்லை.

முதல் சத்தம் தகரத்தைக் கிழித்த மாதிரி இருந்தது. இரண்டாவதற்குச் சத்தமே இல்லை. காலுக்கடியில் கப்பல் ஒருதரம் துள்ளியது. வெள்ளிக்கிழமை. நான் மெஸ்ஸில் தட்டு துடைத்துக்கொண்டிருந்தேன். செங்கடலின் தென்கோடி. யாரோ யாரோடோ சண்டை, அதில் விட்ட குண்டு எங்கள்மேல். நாங்கள் கோதுமை ஏற்றிப் போகிறவர்கள்.

பெரிய லைஃப்போட் எரிகிறது. கேப்டனும் எட்டுப் பேரும் மறுபக்கம் ராஃப்டில் இறங்கிவிட்டார்கள். எங்களுக்கு மிஞ்சியது என்ஜின் வைத்த சின்ன போட். ஆறு பேருக்கு உள்ளது. ஒன்பது பேர் ஏறினோம்.

கடைசியாக ஏறியவர் என் அண்ணன். நாகூர்க்காரர்கள் நாங்கள், நானா என்போம். சாதிக் நானா. என்ஜின் ரூமில் எண்ணெய் போடுகிற வேலை. ஏணியில் தானாகவே ஏறி வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பிறகுதான் பார்த்தேன். சட்டை இல்லை அது.

"கீழ செகண்ட் ஈக்குறாருடா! ஆள் ஈக்குது!"

செகண்ட் என்ஜினியரைச் சொல்கிறார். யாராலும் இறங்க முடியவில்லை. படிக்கட்டு முழுக்கப் புகை.

கயிறு அறுத்தோம். விலகினோம். எண்ணெயும் கரியும் பட்டு எங்கள் ஆரஞ்சு போட் கறுத்துவிட்டது. ராஃப்ட் எந்தப் பக்கம் போனது என்று தெரியவில்லை. வெயில். நானா குப்புறப் படுத்திருக்கிறார். தலை என் மடியில். தண்ணீர் கேட்கிறார். மூடியில் ஊற்றிக் கொடுக்கிறேன். நினைவு இருக்கிறது. பேச்சு இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் பிழைப்பார் என்று கடம் சார் கையால் சைகை காட்டுகிறார். சீக்கிரம் போனால்.

அப்போது கப்பல் வந்தது.

பெரிய கப்பல். கண்டெய்னர் பெட்டி ஏற்றுகிற கப்பல். நேராக எங்கள் பக்கம்.

"நானா, கப்பல்! நானா, பாருங்க!"

கடம் சார் என்ஜினை முடுக்கினார். கப்பலை நோக்கி ஓட்டினோம். எவ்வளவு வேகம் போகுமோ அவ்வளவு வேகம். போட்டில் ஒரு நீளக் கம்பு இருந்தது. முனையில் இரும்புக் கொக்கி. அதில் என் பனியனைக் கட்டித் தூக்கினோம். நன்றாகத் தெரியட்டும் என்று.

அங்கேதான் தப்பு செய்தோம். அந்தக் கடலில் கறுத்த சின்ன போட், நிறைய ஆள், வேகம், கொக்கிக் கம்பு என்றால் ஒரே அர்த்தம். கொள்ளைக்காரன் அப்படித்தான் வருவான். கொக்கியை மாட்டித்தான் ஏறுவான். எங்களுக்கும் கப்பலில் அதைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்த நேரம் ஒருத்தனுக்கும் ஞாபகம் வரவில்லை.

கப்பலின் ஓரத்தில் வரிசையாக ஆட்கள். கையை ஆட்டுகிறேன். தொண்டை கிழியக் கத்துகிறேன். ஒருவனும் அசையவில்லை. கிட்டப் போனதும் தெரிந்தது. பொம்மைகள். என்ஜின் ரூம் ஆட்கள் போடுகிற பழைய முழு உடுப்பில் சாக்கைத் திணித்து, தலையில் ஹெல்மெட் கவிழ்த்தது. தூரத்தில் பார்த்தால் காவலுக்கு ஆள் நிற்கிற மாதிரி இருக்கும். எங்கள் கப்பலிலும் ஆறு கட்டியிருந்தோம். ஒன்றுக்கு நானா மீசை வரைந்தார். செகண்ட் என்ஜினியர் மாதிரியே இருக்கிறது என்று எல்லோரும் சிரித்தோம்.

மேலே ஒரு ஆள் மட்டும் அசைந்தான். கையில் பைனாகுலர். எங்களைத்தான் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன்.

எங்களை விரட்ட ஹோஸைத் திறந்தார்கள். தண்ணீர் சுவர் மாதிரி விழுந்தது. கப்பல் திரும்பியது. அதன் அலை எங்கள் போட்டுக்குள் ஏறியது. உப்புத் தண்ணீர். நானா முதுகில்.

அவர் கத்தியதை எழுதமாட்டேன்.

கப்பல் சின்னதாகிக்கொண்டே போனது. நானா தலையை என் பக்கம் திருப்பினார்.

"ஹடப்சர் கெனால்ல குதிச்சதுக்கே உம்மா தோசைக்கரண்டியால அடிச்சிச்சு. இதுக்கு எத வச்சி அடிக்குமோ."

நாங்கள் வளர்ந்தது ஹடப்சரில், அந்தக் கெனாலில்தான் எனக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தார். கடக்வாஸ்லா அணைத் தண்ணீர். குடித்தால்கூட இனிக்கும்.

"பேசாதீங்க நானா."

"நீ அழுவாதடா. தண்ணி வேஸ்ட்டு."

அதற்குப் பிறகு பேசவில்லை. மூச்சு மட்டும் இருந்தது.

வெயில் சாய்கிற நேரம் இன்னொரு கப்பல். கிழட்டுக் கப்பல். ஆடு ஏற்றுகிறது. முதலில் நாற்றம் வந்தது, பிறகு ஆடுகளின் சத்தம், அதற்குப் பிறகுதான் கப்பல். தூரத்திலேயே நின்றுவிட்டது. ஸ்பீக்கரில் ஒரு குரல். இந்தியில். அதில் ஒரு குஜராத்திக்காரன் வேலை செய்தான்.

"கம்பைக் கடல்ல போடு! என்ஜின அணை! எல்லாரும் கையத் தூக்கு! கை தெரியணும்! எண்ணணும்!"

கம்பைப் போட்டோம். கையைத் தூக்கினோம். நானா கையையும் நானே பிடித்துத் தூக்கினேன். தூக்காவிட்டால் இவர்களும் எங்களை விட்டுப் போய்விடுவார்களோ என்று பயம். கை கனத்தது. விரல் மடங்கவில்லை. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இறக்கவில்லை. பிடித்துக்கொண்டே இருந்தேன்.

"நௌ! நௌ ஆத்மி!" ஒன்பது பேர் என்று அவன் கத்துவது கேட்டது.

வந்து ஏற்றினார்கள். ஆட்டுக் கப்பல் கேப்டன் வயசானவர். கடம் சாரிடம் ஒரு விஷயம் சொன்னார். எங்களைப் பற்றி அவருக்கு ரேடியோவில் தகவல் கொடுத்ததே அந்தப் பெட்டிக் கப்பல்தான். சந்தேகமாக ஒரு போட், ஆபத்தில் இருக்கிறவர்களாகவும் இருக்கலாம், இன்ன இடம் என்று. அதனால்தான் எட்டுப் பேர் உயிரோடு இருக்கிறோம். இதையும் சொல்லியாக வேண்டும். சொல்லிவிட்டேன்.

சட்டத்தைக் கடம் சார் எனக்கு விளக்கினார். கடலில் தத்தளிக்கிறவனைப் பற்றித் தெரிந்தால் எந்தக் கப்பலும் போக வேண்டும். முடிந்த வேகத்தில். தன் கப்பலுக்கும் ஆட்களுக்கும் ஆபத்து என்றால் மட்டும் போகாமல் இருக்கலாம். அதைக் கேப்டன்தான் முடிவு செய்வார்.

ஆட்டுக் கப்பலுக்கும் அதே கடல். அதே பயம். தூரத்தில் நின்று கத்தினார்கள். அவ்வளவுதான் செய்தார்கள்.

நானாவை அந்நிய ஊர் ஒன்றின் துறைமுகத்தில் அடக்கம் செய்தோம். உம்மா முகம் பார்க்கவில்லை.

இப்போது ஹடப்சர் பக்கத்தில் கோந்த்வாவில், உம்மாவோடு இருக்கிறேன். தண்ணீர் டேங்கர் ரிவர்ஸ் எடுக்கிற சத்தத்துக்குக்கூட எழுந்து நிற்கிறேன். போன வாரம் எங்களைக் கப்பலுக்கு அனுப்பிய ஏஜெண்ட் ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். சோபா நுனியில் உட்கார்ந்தார்.

"தேக்கோ பேட்டா, அந்தப் பெட்டிக் கப்பல்காரங்க மெசேஜ் குடுத்தாங்க. அதோட அவங்க டியூட்டி முடிஞ்சுது. அவங்களுக்குச் சரியாத் தெரியலன்னு நீ சொல்லிட்டா எல்லாருக்கும் நிம்மதி."

உம்மா அவருக்கு டீ வைத்தது. பிறகு என் பக்கம் திரும்பியது.

"நீ சொல்லு. பாத்தாங்களா, பாக்கலியா?"

"பாத்தாங்க உம்மா."

"கேட்டாங்களா? யாரு நீங்கன்னு ஒரு சத்தம்?"

"கேக்கல உம்மா."

வந்தவர் டீயைக் குடிக்காமல் எழுந்து போனார். எனக்கு யார்மேலும் கோபப்படத் தெம்பில்லை. யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

போனவை. கப்பல் ஒன்று. அதிலிருந்த கோதுமை எல்லாம். பொம்மை ஆறு, மீசை வைத்ததையும் சேர்த்து. கடம் சாரின் இடது காது. செகண்ட் என்ஜினியர், உடல் கிடைக்கவில்லை. ராஃப்டில் போன ஒன்பது பேரும் மறுநாள் கிடைத்தார்கள்.

எங்கள் போட்டில் எண்ணியது ஒன்பது. உயிரோடு ஏறியது எட்டு.

சாதிக் நானா. வயசு இருபத்தாறு.