பிஸ்கட் டின்னில் வந்த பல்சக்கரம்

…அதத்தான் நானும் சொல்றேன் டாக்டரய்யா, வண்டி மேல ஒரு குத்தமும் இல்லீங்க. குத்தம் பூராவும் ரோட்டு மேலதான். மஞ்சூர் பஸ் ஸ்டாண்டுல ஒங்கள ஏத்துனப்ப எப்புடிப் போச்சு? வழுக்கிக்கிட்டுப் போகல? போஸ்டாபீஸ் தாண்டுற வரைக்கும் போச்சுல்ல? அப்புறம் ரோடு ஏற ஆரம்பிச்சிருச்சு. அதுக்கு நான் என்னா செய்ய? இந்த மலைய நானா கட்டுனேன்?

எறங்காதீங்க, எறங்காதீங்க. சைடுகாருலயே சொகமா உக்காந்திருங்க. பத்து நிமிசம். இஞ்சின் சூடு தணியட்டும். அந்தக் கருகல் வாடை ஒண்ணுமில்லீங்க, கிளச்சு. அது அப்புடித்தான் வாடை அடிக்கும். மூணு வளைவு ஏறிட்டோம், இன்னும் ஆறுதான். மணி என்னாங்க? மூணு பத்தா? ஆங், நேரம் கெடக்கு.

நாலு மணிக்குள்ள ஒங்கள எஸ்டேட்டு கேட்டுல எறக்கிப்புடணும். எங்க தோட்டத்துத் தொரை அங்கயே நிப்பாரு, மாலையோட. எட்டு மாசமா டாக்டர் இல்லாத தோட்டமுங்க. காலையில என்னயக் கூப்புட்டு என்னா சொன்னாரு தெரியுங்களா? "வீரையா, டாக்டர நாலு மணிக்குள்ள, வண்டியத் தள்ள விடாம கூட்டிட்டு வந்தீன்னா ஃபிட்டர் வேலை ஒனக்கு நெரந்தரம். வழியில நின்னுச்சுன்னா நாளைக்குக் காலையில கவ்வாத்துக் கத்தியோட பெரட்டுல நில்லு"ன்னாரு. பெரட்டுன்னா ஒங்களுக்குத் தெரியாது. காலையில ஆளுகள வரிசையா நிக்க வச்சுப் பேரு கூப்புடுறது. சிலோன்ல அப்புடித்தான் சொல்லுவோம். இங்க வந்தும் அப்புடியே சொல்றோம், இங்கத்த ஆளுக சிரிக்கிறாங்க. சிரிக்கட்டும்.

தேயிலைச் செடி வெட்டுற அந்தக் கவ்வாத்துக் கத்தியப் புடிச்சா ராத்திரி சோறு உருட்ட முடியாதுங்க, கை அப்புடி மரத்துப் போகும். ஃபிட்டர் கையிங்க இது. ஸ்பானரு புடிச்ச கை.

இந்தப் பொட்டியில என்னா இருக்குங்க? புஸ்தகமா? அம்புட்டும் புஸ்தகமா? தப்பா நெனைக்காதீங்க… படிச்சு முடிச்சிட்டுத்தானே வந்தீங்க? பின்ன எதுக்கு அதையும் தூக்கிக்கிட்டு? இல்ல இல்ல, சும்மா கேட்டேன். அந்தக் கனத்துலதான் வண்டி கொஞ்சம் யோசிக்குது.

பஸ்ஸா? இருக்குங்களே. மூணரை பஸ்ஸு. எஸ்டேட்டு கேட்டு வாசல்லயே நிக்கும். ஆனா டாக்டரு கோசு மூட்டைக்கும் கோழிக்கூடைக்கும் நடுவால வந்து எறங்குனா நல்லாவா இருக்கும்? ஜீப்பு குன்னூரு ஒர்க்‌ஷாப்புல ஆக்ஸில் இல்லாமக் கெடக்கு. அதான் இந்த வண்டி. சும்மா சொல்லக் கூடாது, ஜெர்மன் வண்டிங்க. குனிஞ்சு பாருங்க, பின்சக்கரத்துக்குச் சங்கிலி இருக்கா? இருக்காது. கியர் பாக்ஸுலேந்து ஒரு தண்டு வருது. தண்டு முனையில சின்னப் பல்சக்கரம். அது போயி பெரிய பல்சக்கரத்தத் திருப்பும், அது டயரத் திருப்பும். சின்னதும் பெருசும் ஜோடி. ஒண்ண மட்டும் மாத்த முடியாது, மாத்துனா ரெண்டையும் சேத்துத்தான் மாத்தணும்.

அதுல ஒரு வெசயம் இருக்குங்க. சைடுகார் மாட்டுன வண்டிக்கு அவன் தனி ஜோடி குடுத்திருக்கான். சின்னதுல அஞ்சு பல்லு, பெருசுல இருவத்தாறு. டயரு ஒரு சுத்து சுத்துறதுக்குள்ள தண்டு அஞ்சு சுத்துக்கு மேல சுத்தணும். இஞ்சின் கெடந்து கத்தும். முப்பது மைலுக்கே காது கிழியும். சைடுகார் இல்லாத ஒத்த வண்டிக்கு வேற ஜோடி. ஆறும் இருவத்தஞ்சும். பாத்தா ஒரு பல்லு கூட, ஒரு பல்லு கொறச்சல், அம்புட்டுத்தான். ஆனா அதே முப்பது மைலுக்கு இஞ்சின் தூங்குற மாதிரி ஓடும். தேயாது. எண்ணெ குடிக்காது. இஞ்சின் ஆயுசு கூடுங்க.

இதுல எந்த ஜோடி இருக்குன்னா கேக்குறீங்க?

ம்… எவனோ மாத்திப்புட்டான்.

எவன்னா எப்புடிங்க சொல்றது? லயத்துல, அதான் எங்க வரிசை வூடுகள்ல, நூறு குடும்பம் இருக்கு. அத விடுங்க. வரும்போது இந்த மீட்டர் முள்ளப் பாத்தீங்களா? அத நம்பாதீங்க. மீட்டர் கேபிளு கியர் பாக்ஸுலேந்து வருது, பின்னாடி பல்லு மாறுனது அதுக்கு எப்புடித் தெரியும்? முள்ளு இருவத்திநாலு காட்டுனா வண்டி முப்பதுல போகுதுன்னு அர்த்தம். காலையில எறங்கி வரும்போதுதான் எனக்கே வெளங்குச்சு. முன்னல்லாம் எறக்கத்துல இஞ்சினே புடிச்சு நிறுத்தும். இப்ப விட்டுருது. பிரேக்கு டிரம்முலேந்து பொகை வந்துச்சுங்க. ஏழாவது வளைவுல ஒரு எருமை நின்னுச்சு, நல்ல எருமை, அதுவா வெலகிக்கிச்சு.

ஏங்க மூஞ்சி அப்புடிப் போகுது? நாம ஏறத்தானே போறோம்? எறங்கலியே.

ஒங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. சிலோன்ல என் தொரைகிட்ட இதே வண்டி இருந்துச்சு. இதே கம்பெனி, சைடுகார் மட்டும் இல்ல. பதினோரு வருசம் அந்த வண்டிக்கு நாந்தான் எல்லாம். அவரு எங்க போனாலும் சத்தமே கேக்காது. மலையில ஆளுக குந்திப் பேசிக்கிட்டு இருப்பாங்க, தொரை பின்னாடி வந்து நிப்பாரு. அப்புடி வண்டி. ஒரு மழையில பாலத்துலேந்து ஆத்துக்குள்ள போயிருச்சு. தொரை நீந்திக் கரையேறிட்டாரு. வண்டி நசுங்கிப் போச்சு, இந்தப் பல்சக்கர ஜோடி மட்டும் ஒரு கீறல் இல்லாம நின்னுச்சு. கழுவித் தொடச்சு எண்ணெ போட்டு வச்சேன்.

அப்புறம் எங்களுக்குக் கடுதாசி வந்திருச்சு. இந்தியாவுக்குப் போன்னு. எழுவத்தொண்ணு. தொரை கூப்புட்டாரு. "வீரையா, நல்லா வேலை பாத்த. ஃபிட்டர்னு சர்ட்டிபிகேட் எழுதித் தரட்டுமா, இல்ல வேற எதாச்சும் வேணுமா?"ன்னாரு. நான் என்னா கேட்டேன்னு நெனைக்கிறீங்க?

ஆமாங்க. பல்சக்கரம்.

சிரிக்கிறீங்க. சிரிங்க. எழுதிக் குடுக்குற கடுதாசி நனைஞ்சா போச்சு. இது இரும்பு. வேலை தெரிஞ்சவன் கையில இது இருந்தா யாருக்கும் புரியுமேன்னு நெனைச்சேன். எங்க லயத்துல ஒருத்தன் தையல் மெஷினு கட்டுனான், ஒருத்தன் ரேடியோ கட்டுனான். காத்தமுத்து வெங்கலப் பானையாக் கட்டி அடுக்குனான். நான் ஒரு பிஸ்கட் டின்னுல தேங்காயெண்ணெ ஊத்தி இந்த ஜோடியக் கட்டுனேன். எம் பொஞ்சாதி ஆண்டாயி தலைமன்னாருல கப்பல் ஏறியும் பேசல. ராமேசுரத்துல சோதனை போடுறவரு டின்னத் தொறந்தாரு. மோந்து பாத்தாரு. "என்னாய்யா இது?"ன்னாரு. "வண்டியோட பல்லுங்க"ன்னேன். "வண்டி எங்க?"ன்னாரு. "இனிமேத்தான் கெடைக்கணும்"ன்னேன். எழுதுறதுக்குப் பேரு தெரியாம, தட்டுமுட்டுச் சாமான்னு எழுதிக்கிட்டாரு. ஆண்டாயி அப்பத்தான் வாயத் தொறந்தா. "ஊரு ஒலகத்துல எல்லாரும் சாமான் கொண்டு போறாங்க, எம் புருசன் தொரையோட பல்லக் கொண்டு போறாரு"ன்னா.

இங்க வந்து வேலைக்குப் போனேன். ஃபிட்டர்னேன். "சர்ட்டிபிகேட் எங்க?"ன்னாங்க. பல்சக்கரத்த எடுத்து மேசையில வச்சேன். அந்தக் கிளார்க்கு அதத் தூக்கிப் பாத்துட்டு, காத்துல பறந்துக்கிட்டு இருந்த காயிதத்து மேல வச்சிட்டு அடுத்த ஆளக் கூப்புட்டான். அஞ்சு வருசமுங்க. புல்லு வெட்டுனேன், தண்ணி போற கானு வெட்டுனேன். டின்னு கட்டிலுக்கு அடியிலயே இருந்துச்சு. வருசத்துக்கொரு தடவ எண்ணெ மாத்துவேன்.

போன வருசம் இந்தத் தோட்டத்து ஸ்டோருக்குப் பின்னாடி சாக்க அள்ளப் போறேன், சாக்குக்கு அடியில ஒரு பின்சக்கரம் தெரியுது. சங்கிலி இல்ல. சாக்க இழுத்துப் போட்டேன். அதே வண்டி. தொரைகிட்ட ஓடிப் போயிச் சொன்னேன். "ஓட்டிக் காட்டு பாப்போம்"ன்னாரு. ரெண்டு மாசத்துல ஓட்டிக் காட்டுனேன்.

ஏறுச்சாவா? நல்லாக் கேட்டீங்க. அஞ்சும் இருவத்தாறும் கெடந்த வரைக்கும் ஒம்பது வளைவும் நிக்காம ஏறுச்சுங்க. மூணு மூட்டை உரத்த வச்சுக்கிட்டு ஏறுச்சு. என்னா… கத்தும். கீழ மஞ்சூர்ல கெளம்புனா மேல லயத்துல புள்ளைக எந்திரிச்சிரும்.

கீழேருந்து பஸ்ஸு வருது. காலை உள்ள மடக்கிக்கங்க. இந்த வளைவுல அவனால ஒரே மூச்சுல திரும்ப முடியாது, நின்னு ரிவர்ஸ் எடுத்துத்தான் திரும்புவான். எடுக்கட்டும், நமக்கென்ன. நான் இப்புடிக் கீழ குனிஞ்சு பின்சக்கரத்து எண்ணெயப் பாத்துக்கிறேன், நீங்க கேட்டுக்கிட்டே இருங்க.

போன சனிக்கெழம லயத்துக்குப் பேரிச்சம்பழக்காரன் வந்தான். பழைய இரும்புக்குப் பழம் குடுப்பான்ல, அவன். நான் வூட்டுக்குள்ள நொழையிறேன், ஆண்டாயி என் டின்ன அவன் தராசுல வச்சிருக்கா. ஏழு வருசமாக் கட்டிலுக்கு அடியில கெடக்குற இரும்பு, புள்ளைகளாச்சும் பழம் திங்கட்டுமேங்குறா. அவன் கல்லு மாத்தி மாத்தி வைக்கிறான். டின்ன எடுத்துக்கிட்டு நேரா ஷெட்டுக்குப் போயிட்டேன்.

ஞாயித்துக்கெழம பூரா ஒக்காந்து மாத்துனேன். நாந்தாங்க. எவனும் இல்ல, நாந்தான். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல நூலளவு எடம் சரியா விடணும். பல்லுல குங்குமத்தக் கொழைச்சுத் தடவி, சுத்தி விட்டு, எங்க ஒட்டுதுன்னு பாத்துப் பாத்து… அப்புடி வேலை. ஆபீஸுலேந்து ஸ்டோர் வரைக்கும் ரெண்டு பர்லாங்கு சமரோடு இருக்கு. இந்தத் தோட்டத்துலயே அது ஒண்ணுதான் சமரோடு. அதுல விட்டேன். சத்தமே இல்லீங்க! ஆண்டாயி வாசல்ல அரிசி பொடைச்சுக்கிட்டு இருந்தா. பின்னாடி போயி நிக்கிறேன், அவளுக்குத் தெரியல. ஆரன் அடிச்சேன், மொறத்தப் போட்டுட்டு எந்திரிச்சா. "வந்தது தெரியலியே"ன்னா. அந்த ஒரு வார்த்தைக்கு, ஏழு வருசம்…

மலை ஏறணும்னு அன்னிக்கு எனக்குத் தோணவே இல்லீங்க. நெசமாத்தான்.

இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. பழைய ஜோடிய நான் தூக்கிப் போடல. அதே டின்னுல, ஒங்க காலுக்கு அடியில, சாக்குக்குக் கீழ இருக்கு. அஞ்சு மணி நேரம் போதும், திரும்ப மாட்டிருவேன். ஆனா நாலு மணிக்குள்ள முடியாது… எண்ணெ நல்லாத்தான் இருக்கு. அந்த டின்ன மட்டும் இப்புடி நீட்டுங்களேன், ஒங்களுக்கு அந்தப் பல்லக் காட்டுறேன். டாக்டரய்யா? டின்னு. காலுக்கு அடியில.

ஐயா?

அட… சீட்டு காலி.

டாக்டரய்யோவ்! பஸ்ஸுல எப்பங்க ஏறுனீங்க? பொட்டி! பொட்டிய விட்டுட்டுப் போறீங்க! சரி போங்க, போங்க, நான் எடுத்துக்கிட்டுப் பின்னாலயே வாரேன்! தொரை கேட்டா நீங்க வண்டியத் தள்ளலேன்னு சொல்லுங்க! தள்ளலதானே? அது நெசந்தானே!

ஒதை… இன்னொரு ஒதை… ஆங், புடிச்சிருச்சு. ஏறு. ஏறு சாமி. ஏறுது. அட, ஒரு ஆளு கொறஞ்சதும் ஏறுதே! நாலாவது… அஞ்சு… நிக்கவே இல்லியே! எஸ்டேட்டு கேட்டுக்கு முந்தி பஸ்ஸப் புடிச்சிருவேன் போலருக்கே!

டாக்டரய்யா! ஜன்னலத் தொறங்க! தலைய வெளிய நீட்டுங்க! ஒங்க பின்னாடிதான் வாரேன்! வண்டி கேக்குதுங்களா? ஒங்களுக்குச் சத்தம் கேக்குதா?

கேக்காது.

கேக்கக் கூடாதுன்னுதானே மாத்துனதே.