சாவியையும் சேத்து அனுப்பிட்டேன்

ஒரு வார்த்த... ஒரே ஒரு வார்த்த என்னக் கேட்டிருக்கலாமா வேண்டாமா, நீங்களே சொல்லுங்க சார். கூடப் பொறந்தவ! நான் என்ன செத்தா போயிட்டேன்? ஊர் சுத்தத்தான போனேன். பதினாலு மாசம். போன எடத்துல நெட்டு இருந்துச்சு, போன் இருந்துச்சு, எல்லாம் இருந்துச்சு. "அக்கா, உன் ரூம எடுத்துக்கறேன், உன் கட்டில ஒடைக்கறேன்"னு ஒரு மெசேஜ் போட்டா வெரல் தேஞ்சா போயிடும்?

இல்ல இல்ல, எந்திரிக்காதீங்க. உங்க துணி சுத்தற மெஷின் இன்னும் முப்பத்தெட்டு நிமிஷம் காட்டுது பாருங்க. அது நிக்கிற வரைக்கும் கதவு தொறக்காது. நானும் முதல்ல இது தெரியாம இழுத்து இழுத்து, கைப்புடி கையோட வந்து... அது வேற கத. வேற ஊரு. உக்காருங்க. பாட்டு அப்புறம் கேட்டுக்கலாம், அத காதுலேந்து எடுங்க.

தமிழ் தெரியாதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க. இப்பத்தான போன்ல "சரிம்மா, வெச்சிடறேம்மா, சரிம்மா"ன்னு நாலு தடவ சொன்னீங்க? அந்த "வெச்சிடறேம்மா"வக் கேட்டதும் நான் கையில இருந்த சோப்புத்தூள அப்படியே கீழ கொட்டிட்டேன் சார். நேர்ல ஒரு ஆள்கிட்ட தமிழ் பேசி எத்தன மாசமாச்சு தெரியுமா! கையக் காட்டி, கண்ணக் காட்டி, பேப்பர்ல பொம்ம வரைஞ்சு காட்டி, சிரிச்சுச் சிரிச்சே தாட வலிச்சுப் போச்சு. சிரிச்சா எல்லா ஊர்லயும் வேல நடக்குது, இல்லன்னு சொல்லல. ஆனா திட்ட முடியல. பதினாலு மாசத்துத் திட்டு அப்படியே உள்ள சேந்து கெடக்கு. மாட்டினது நீங்க.

நான் என்ன வேலன்னு கேக்கறீங்களா? கேக்கலன்னாலும் சொல்றேன். பத்திரம் எழுதறவர் ஒருத்தர்கிட்ட டைப்பிஸ்ட். இருவத்தேழு வருஷம். பதிவு ஆபீஸுக்கு எதுத்தாப்புல, ஒரு மாடிப்படிக்கு அடியில மேஜ. நிமிந்தா தல படியில இடிக்கும். டைப்ரைட்டர் போயி கம்ப்யூட்டர் வந்துச்சு, படி மட்டும் மாறல. வீட்ட வித்தவன், வாங்கினவன், அண்ணன் தம்பியா வந்து எதிரியா திரும்பிப் போனவன், எல்லாருக்கும் நான்தான் அடிச்சுக் குடுத்தேன். "படிச்சுப் பாத்துட்டு கையெழுத்துப் போடுங்க, எழுதிக் குடுத்தா குடுத்ததுதான்"னு எத்தன ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன்!

அப்புறம் எங்க பத்திரக்காரருக்குக் கண்ணு ஆபரேஷன் ஆச்சு, கடைய மூடிட்டாரு. மறுநாளே வீட்ல ஆரம்பிச்சாச்சு. தங்கச்சி கேக்கறா, தங்கச்சி வீட்டுக்காரர் கேக்கறாரு, அவ பொண்ணுங்க ரெண்டும் கேக்குது, "இனிமே என்ன பண்ணப் போறே, என்ன பண்ணப் போறே". எனக்குன்னு தனியாக் குடும்பம் கெடையாது சார், அதனால எல்லாருக்கும் என்னப் பத்திக் கவலப்பட நேரம் இருக்கு. வாய அடைக்கணும்னு, "ஆசியா பூரா சுத்தப் போறேன், முதுகுல பையோட"ன்னு சொல்லிட்டேன். சத்தியமா வாய அடைக்கத்தான் சொன்னேன். அடைஞ்சு போச்சு. நான் போக வேண்டியதாப் போச்சு.

அம்பத்தோரு வயசுல அடுக்குக் கட்டில்ல மேல் கட்டில் ஏறியிருக்கீங்களா? ஏறிடலாம். நடுவுல எறங்கணும்னா கீழ படுத்திருக்கறவன் மொகத்துல கால் வெக்காம எறங்க முடியாது. ஒரு ரூமுல எட்டு பேரு. ஒருத்தன் கொறட்ட, ஒருத்தன் ஈர ஷூ, ஒருத்தி விடியறதுக்குள்ள பிளாஸ்டிக் கவர் கவரா பிரிச்சு பிரிச்சு அடுக்குவா. இப்படி எரநூறு கட்டில் பாத்திருப்பேன் சார். ஒரு நாள் மொணங்கினதில்ல. அத மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னால தேவப்படும்.

அந்த விடுதிங்கள்ல யாரும் பேரு கேக்க மாட்டாங்க. எத்தன மாசமா சுத்தறேன்னுதான் கேப்பாங்க. மூணு வாரம்னா மூஞ்சத் திருப்பிக்குவாங்க. ஆறு மாசம்னா நகந்து எடம் குடுப்பாங்க. ஆபீஸே வேண்டாம்னு தப்பிச்சு வந்ததுங்க எல்லாம் இங்க உக்காந்து சர்வீஸ் கணக்கு பாக்குதுங்க! அடுத்தது பை எடை. யாரு பை கம்மி எடையோ அவங்க பெரிய ஆளு. ஒருத்தன் டூத்பிரஷ்ஷ பாதியா ஒடைச்சு வெச்சிருந்தான், எடை கொறையுதாம். அவன் தொப்பைய என்ன பண்றதா உத்தேசம்னு நான் கேக்கல. நானும்தான் சும்மாவா இருந்தேன்? பன்னெண்டு கிலோவோட கெளம்பினவ, ஊருக்கு ஒண்ணா தூக்கிப் போட்டு ஏழு கிலோவுக்குக் கொண்டாந்துட்டேன். அவ்ளோ பெருமை. தல கால் புரியல எனக்கு.

எங்க விட்டேன்? ஆங், கட்டிலு!

பத்து நாளைக்கு முன்னாடி, சரி, முட்டி போதும்னு சொல்லுது, வீட்டுக்குப் போலாம்னு டிக்கெட் போட்டுட்டு தங்கச்சிக்கு வீடியோ கால் போடறேன். எடுத்தா. பாக்கறேன்... ஜன்னல் என் ஜன்னல். செவுரு என் செவுரு. ஆனா செவுரு பூரா ஹேங்கர், ஹேங்கர் பூரா அடுத்தவங்க ஜாக்கெட்டு. நடுவுல தையல் மெஷின். "கட்டில் எங்கடி?"ன்னேன். "இதாங்க்கா"ன்னு பக்கத்துல இருந்த மேஜையத் தட்டறா. ஒடைச்சு, துணி வெட்டற மேஜையாப் பண்ணிட்டாளாம். "நல்ல மரம்க்கா, கத்தரி ஓடறதே சொகமா இருக்கு"ங்கறா. என் கட்டில் மேல கத்தரி ஓடுது, அவளுக்கு சொகம்!

அதோட போச்சா? கதவுக்கு மேல ஒரு பேப்பர கண்ணாடி பிரேம் போட்டு மாட்டி வெச்சிருக்கா...

அது என்னமோ ஒரு பேப்பரு. அத விடுங்க.

சும்மா ஒரு பேப்பர் சார். ஏன் அப்படிப் பாக்கறீங்க? இவ்ளோ நேரம் மெஷினத்தான பாத்துக்கிட்டு இருந்தீங்க? மெஷினப் பாருங்க, இருவது நிமிஷம்னு காட்டுது.

...நான் எழுதினதுதான்.

போய் அஞ்சாவது மாசம். ஒரு மல. சூரியன் வர்றதப் பாக்கணும்னு ஊரே இருட்டுல ஏறுது, நானும் ஏறினேன். உச்சிக்குப் போனா மேகம். சூரியனும் இல்ல ஒண்ணும் இல்ல, பக்கத்துல நிக்கறவன் மூக்கு கூடத் தெரியல. அங்க ஒருத்தன் இருந்தான், மூணு வருஷமா சுத்தறவன். அவனுக்குப் பேரே "மூணு வருஷம்"தான், எல்லா விடுதியிலயும் மரியாத. அவன் என் கழுத்துல கயித்துல தொங்கற சாவியப் பாத்துட்டான். என்னதுன்னு கேட்டான். எங்க வீட்ல என் ரூம் சாவின்னேன். சிரிச்சான் சார். "எங்கிட்ட சாவின்னு ஒண்ணே கெடையாது"ன்னான். அவ்ளோதான் சொன்னான். எனக்குப் பளார்னு விட்ட மாதிரி இருந்துச்சு. ஏழு கிலோ பை வெச்சிருக்கேன்னு பீத்திக்கிறவ கழுத்துல வீட்டையே கட்டித் தொங்கவிட்டிருக்காளேன்னு.

எறங்கி வந்ததும் பேனாவ எடுத்தேன். மத்தவங்கன்னா "என் ரூம நீயே வெச்சுக்கடி"ன்னு ஒரு வரி எழுதியிருப்பாங்க, நாளைக்கு "சும்மா சொன்னேன்"னு சொல்லிக்கலாம். எனக்கு அப்படி எழுத வரல. கை தானா ஓடுது சார்! "நாளது தேதியில் நான் என் சுயபுத்தியுடனும், பிறர் தூண்டுதலோ வற்புறுத்தலோ இன்றியும், முழு மனதுடன் எழுதிக்கொடுத்தது என்னவென்றால்..." நாலெல்லை போட்டேன். கிழக்கே தெரு ஜன்னல், மேற்கே ஹால், வடக்கே அம்மா படம் மாட்டிய சுவர், தெற்கே குளியலறை. "இதற்குட்பட்ட அறையை, கட்டில், பீரோ, மின்விசிறி உட்பட, என் உடன்பிறந்த தங்கையே சர்வ சுதந்திரமாய் ஆண்டனுபவித்துக்கொள்ள வேண்டியது. இனி நான் திரும்பி வரப்போவதில்லை. எனக்கோ என் பின்வாரிசுகளுக்கோ யாதொரு பாத்தியமும் இல்லை." எனக்கு ஏது பின்வாரிசு? பழக்க தோஷம். "மேற்படி அறையில் எந்த வில்லங்கமும் இல்லை"ன்னு வேற. வில்லங்கமே நான்தான்! அடியில கையெழுத்து, ரெண்டு சாட்சி கையெழுத்து. உறையில போட்டு, சாவியையும் சேத்து அனுப்பிட்டேன்.

அன்னிக்கு அடிச்ச பெருமைல மூணு நாள் தரையில கால் படல.

அந்த "மூணு வருஷம்" இருக்கானே, அவன ஆறு மாசம் கழிச்சு வேற ஊர்ல பாத்தேன். அம்மாகிட்ட போன்ல காட்டு காட்டுன்னு எதையோ கேட்டுக்கிட்டிருந்தான். என்னன்னு எட்டிப் பாத்தா, அவன் ரூமு! கட்டில், போர்வ, சின்ன வயசுக் கோப்பையெல்லாம் அலமாரில. அவங்க அம்மா வாரா வாரம் தூசி தட்டி வெக்கறாங்களாம். சாவி ஏன் இல்லன்னா, அந்த ரூமப் பூட்டறதே இல்லையாம்!

நான் பூட்டுவேன் சார்.

அதச் சொல்லல இல்ல உங்ககிட்ட... வீட்ல சம்பாதிச்சவ நான். அதனால ரூம் எனக்கு. தங்கச்சி, அவ வீட்டுக்காரர், ரெண்டு பொண்ணுங்க, எல்லாரும் ஹால்ல. தையல் மெஷின் சமையல்கட்டு மூலைல. சாப்பாட்டு நேரம் ஆனா துணியெல்லாம் சுருட்டி எடுத்து வெக்கணும், தட்டுல நூல் கெடக்கும், நான் அதுக்கும் கத்துவேன். பத்து வருஷத்துக்கு முன்னாடி ஒரு தடவ கேட்டா. "அக்கா, நீ ஆபீஸ் போனப்புறம், பகல்ல மட்டும் உன் ரூமுல வெச்சுத் தைக்கட்டுமா? நீ வர்றதுக்குள்ள எடுத்துடறேன்". பாக்கலாம்னேன். மறுநாள்லேந்து பூட்டிட்டு சாவியக் கழுத்துல போட்டுக்கிட்டு ஆபீஸ் போனேன். பகல் பூரா அந்த ரூமுல யாரு இருந்தா? மின்விசிறிதான் இருந்துச்சு. அதுவும் சுத்தாம.

இப்பக் கேளுங்க. அன்னிக்குப் போன்ல நான் கத்தி முடிச்சேன். "யாரக் கேட்டு, எவளக் கேட்டு"ன்னு. அவ அந்த பிரேமக் காட்டி, "நீதானக்கா எழுதினே"ன்னு ஒரு சண்ட போட்டிருந்தா நானும் போட்டிருப்பேன். போடல. கைல ஊசி, வாயில நூலு. அப்புறம் கேட்டா, "எப்பக்கா காலி பண்ணணும்?"

வாடகைக்குக் குடியிருக்கறவங்க கேக்கற மாதிரி, சார்.

"யோசிச்சுச் சொல்றேன்"னு வெச்சுட்டேன். பத்து நாளாச்சு. நாளைக்கு பிளைட்டு. அவ இன்னும் பதிலுக்குக் காத்துக்கிட்டிருக்கா. எனக்கு வெக்கமா இருக்கு, வேற ஒண்ணும் இல்ல.

அந்தப் பேப்பர் செல்லாது, தெரியுமா? முத்திரத்தாள் இல்ல, பதிவு இல்ல. சாட்சி போட்ட விடுதிக்காரங்க ரெண்டு பேருக்கும் தமிழ்ல ஒரு எழுத்து தெரியாது, பிறந்தநாள் வாழ்த்துன்னு நெனச்சு பக்கத்துல பூ வேற வரைஞ்சாங்க. பொட்டலம் மடிக்கத்தான் ஆகும். "செல்லாதுடி"ன்னு ஒரு வார்த்த சொன்னா போதும், ரூம் எனக்கு. இது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. அவ பிரேம் போட்டு மாட்டியிருக்கா.

அதனால இன்னொண்ணு எழுதியிருக்கேன். இந்தாங்க. "மேற்படி அறையை மேற்படி தங்கையே என்றென்றைக்கும் வைத்துக்கொள்ள வேண்டியது. ஹாலில் ஜன்னலோரம் ஓர் ஆள் படுக்கும் அளவு இடத்தை எழுதிக்கொடுப்பவளுக்கு..." இதோட நிக்குது. மூணு நாளா நிக்குது. "விட வேண்டியது"ன்னு போட்டா அதிகாரம் பண்ற மாதிரி இருக்கு. எங்க தொழில்ல விக்கறதுக்கு வாசகம் இருக்கு, தானத்துக்கு இருக்கு, பாகத்துக்கு இருக்கு. "கொஞ்சம் எடம் குடுடி"ன்னு கேக்கறதுக்கு மட்டும் ஒண்ணும் கெடையாது. எரநூறு கட்டில்ல முன்னப் பின்ன தெரியாதவன் கால்மாட்டுல படுத்தவளுக்கு சொந்த ஹால்ல படுக்க மானம் போகுது, பாருங்க கூத்த!

நீங்க ஒரு சாட்சி போடுங்க. தமிழ் படிக்கத் தெரிஞ்ச சாட்சி, அதுக்காகத்தான் இவ்ளோ நேரம்... அட, உங்க மெஷினோட என் மெஷினும் நின்னுடுச்சு. இருங்க, துணிய எடுத்துக்கிட்டே பேசறேன். கேக்குதில்ல? முழுப் பேரு போடுங்க, அப்பா பேரு, தொழில். நிதானமா. படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். அந்த கடைசி வரிக்கு உங்களுக்கு ஏதாவது தோணினா... சார்?

சார்?

அடப்பாவி மனுஷா! ஈரத்துணியோடயேவா? சொட்டிக்கிட்டே போயிருக்காரு, வாசல் வரைக்கும் தண்ணி. ஒரு சாக்ஸ் வேற உள்ள ஒட்டிக்கிட்டிருக்கு.

போகட்டும். சாட்சி இல்ல, இதுவும் செல்லாது. அப்ப வாயாலதான் கேக்கணும். நாளன்னிக்குக் காலைல போய், பையக் கீழ வெச்சுட்டு, அந்தக் கதவத் தட்டணும். முப்பது வருஷம் என் கதவு. தொறந்திருக்கேன், பூட்டியிருக்கேன், சாத்தியிருக்கேன் படார்னு. தட்டினதில்ல.

இந்த மெஷின் கதவுலயே தட்டிப் பாக்கறேன். டக் டக்.

ம்ஹூம். இது நான் வந்துட்டேன்னு சொல்ற மாதிரி இருக்கு. இன்னும் மெதுவா.

டக்.

இன்னும் கொஞ்சம் மெதுவா.