ஒழுகும் ஸ்டியரிங் பாக்ஸ்

— லைட்டக் கீழ காட்டுன்னா... என் மூஞ்சில அடிக்காத.

— கீழதான் காட்டுறேன். வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டு அதிகாரம் வேற.

— பாரு, திரும்பவும் சொட்டுது. முந்தாநாள்தான் எண்ணெய் ஒழுகாம அடைக்குற புது சீல் போட்டேன்.

— உங்க வயசு வண்டி. ஒழுகாம என்ன செய்யும்?

— நான் எங்கயாவது ஒழுகுறேனா?

— வாயக் கிளறாதீங்க...

— சிரிக்காத. ஸ்டியரிங் பாக்ஸ்ல எண்ணெய் நிக்கலேன்னா உள்ள பல்லு தேஞ்சு இறுக்கிக்கும். நாளைக்கு இதுலதான் பொண்ணு கல்யாணத்துக்குப் போகணும்.

— அதான் டாக்ஸி சொல்லிடலாம்னு...

— பேசாத! பள்ளிக்கூடம் போன காலத்துலேர்ந்து சொல்லிட்டிருக்கா. "என் கல்யாணத்துக்கு நீதான்ப்பா ஓட்டணும்"னு.

— அப்போ சொன்னா. அப்போ நீங்க...

— அப்போ நான்?

— ஒண்ணுமில்ல. என்ன எடுத்துத் தரணும்?

— சீலப் பிடுங்குற அந்தப் புல்லர். ...ம்ம்... சீல் வந்துடுச்சு. துணி குடு. ...இரு. லைட்டக் கிட்டக் கொண்டா.

— என்னங்க?

— சீல் கிழிஞ்சிருக்கு.

— மாட்டும்போது கிழிஞ்சிருக்கும்.

— இல்ல. யாரோ ஸ்க்ரூடிரைவர விட்டுக் குத்தியிருக்காங்க.

— யார் வந்து குத்தப் போறா...

— இந்தச் சந்துக்குள்ள விடணும்னா இப்படி மல்லாந்து படுத்தாத்தான் முடியும். நேத்து நீ துவைக்கப் போட்ட உன் துணில முதுகு பூரா எண்ணெய்க் கறை.

— அடுப்படில பட்டிருக்கும்.

— லைட்ட ஏன் அந்தப் பக்கம் திருப்புற?

— கை வலிக்குது.

— நீயா?

— ...ஆமா. நான்தான்.

— உனக்கென்ன பைத்தியமா? எண்ணெய் இல்லாம நடுரோட்டுல ஸ்டியரிங் இறுகியிருந்தா?

— கிளப்பறதுக்கு முன்னாடி கீழ பார்ப்பீங்கன்னு தெரியும். எண்ணெயப் பார்த்தா எடுக்கமாட்டீங்க. அதுக்குத்தான்.

— எதுக்கு?

— போன வாரம் அந்தத் திருப்பத்துல... நான் கத்தலேன்னா என்ன ஆயிருக்கும்? விழுந்து எழுந்த சைக்கிள்காரிய "ஏன் குறுக்க வர்ற"ன்னு திட்டினீங்க. அவ குறுக்க வரலீங்க. நேராத்தான் வந்தா.

— என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?

— டாக்டர்கிட்டக் கண்ணக் காட்டுங்கன்னு சொன்னதுக்குச் சாப்பிடாம எழுந்து போனீங்க. வேற என்ன செய்வேன்? நாளைக்குப் பின்சீட்டுல நம்ம பொண்ணு உட்காருவா. பக்கத்துல மாப்பிள்ள...

— போதும்.

— போதாது. நானும் ஒண்ணு கேக்கணும்.

— லைட்டக் குடுத்துட்டு உள்ள போ.

— போகமாட்டேன். சீலுக்குள்ள இருக்குற ஸ்பிரிங், எண்ணெய் இருக்குற பக்கமாத்தான் இருக்கணும்னு போன தடவ நீங்கதான சொன்னீங்க?

— ...ம்.

— அப்போ வெளியிலேர்ந்து குத்தும்போது ஸ்க்ரூடிரைவர்ல ஸ்பிரிங் எப்படித் தட்டுப்பட்டுச்சு? வெளிய வந்து பதில் சொல்லுங்க.

— வேணாம்... இங்கயே சொல்றேன். சீலத் திருப்பி மாட்டுனேன். ஒழுகும்னு தெரிஞ்சேதான். எனக்கு இடது பக்கம் ஒண்ணும் தெரியல, கொஞ்ச நாளா. வண்டியால முடியலேன்னா பொண்ணு சிரிச்சுட்டு டாக்ஸில ஏறிடுவா... அப்பாவால முடியலேன்னு தெரிஞ்சா, கல்யாணத்தன்னைக்கு அழுவாளே.